கடுக்காய் இயந்திரத்தின் கண்

என் மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு சிறிய கறுப்புப் பெட்டியை வைத்திருக்கிறேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. அதன் ஒரு பக்கத்தில் வட்டமான கண்ணாடி வில்லை. வில்லை முழுவதையும் மூடிச் சந்தனம் காய்ந்திருக்கிறது. நடுவில் குங்குமம் பழுப்பேறிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் துடைத்து வைக்கட்டுமா என்று கேட்பார்கள். நான் விடுவதில்லை. அது நாங்கள் செய்த கடுக்காய் இயந்திரத்தின் கண். அதைக் குருடாக்கியவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எதையும் தேதியோடு எழுதுவது என் வழக்கம். இதில் மட்டும் தேதியை விட்டுவிடுகிறேன். தேதி போட்டால் கள்ளக்குறிச்சியில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். அவர் செய்ததை நான் செய்ய விரும்பவில்லை.

கள்ளக்குறிச்சியில் எனக்கு மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள் கட்டும் கடை. மனைவியின் தம்பி, என் மச்சான், சங்கராபுரத்தில் லேத் பட்டறை வைத்திருந்தான். வெள்ளிமலைக்கு ஒரு பம்புசெட் வேலையாகப் போனபோது, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கடுக்காயைக் கல்லால் உடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். தோலைத் தனியாக எடுத்தால்தான் வியாபாரி நல்ல விலை தருவான். முழுக்காயாகக் கொடுத்தால் அவன் சொல்வதுதான் விலை. அத்தனை பேர் விரலிலும் துணி சுற்றியிருந்தது. திரும்பும் வழியில் மச்சான் வண்டியை நிறுத்திவிட்டு மண்ணில் படம் போட்டுக் காட்டினான். எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள், ஒரு மோட்டார், உருளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் கையால் திருகும் ஒரு திருகு. காயின் பருமனுக்குத் தக்கபடி திருகினால் தோல் உடையும், கொட்டை முழுசாக விழும். அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு இயந்திரம் தயாராகிவிட்டது. அது ஓடியது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: அவர் வருவதற்கு முன்பே அது ஓடியது.

இன்னும் சில இயந்திரங்கள் செய்ய எங்களிடம் வசதியில்லை. அரசாங்க அறிவிப்புகளை மற்றவர்கள் தொடர்கதை படிப்பதுபோல் படிப்பவன் நான். புதிய தொழில்முனைவோருக்குப் புத்தாக்க நிதி என்று எங்கே அறிவிப்பு வந்தாலும் கடைசி வரி வரை படித்தேன். ஒன்றில் பட்டம் வேண்டும் என்றிருந்தது. இன்னொன்றில் நிறுவனமாகப் பதிந்திருக்க வேண்டும். பதிந்துகொண்டு போனால் அந்த அறிவிப்புக்குக் கெடு முடிந்திருந்தது. கடைசியில் ஒரு கல்லூரியின் தொழில்முனைவு மையம் வழியாக விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்தது. அங்கே இருந்தார் ஒருங்கிணைப்பாளர்.

மடிப்புக் கலையாத சட்டை, இரண்டு கைப்பேசி. பேசத் தொடங்குமுன் உள்ளங்கைகளை ஒருமுறை சேர்த்துத் தட்டுவார். திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் பேச்சுதான் அவருக்கும். இயந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஓடுது சார், சரி. ஆனா இதுல புதுசா இன்னா இருக்குது? ரெண்டு உருளை, ஒரு மோட்டாரு. கரும்பு ஜூஸ் வண்டியில இல்லாதது இதுல இன்னா இருக்குது?”

“கரும்பு ஜூஸ் வண்டியில கடுக்காய போட்டுப் பாருங்க சார், தெரியும்” என்றான் மச்சான்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. “நிதி குடுக்கறவங்க மிஷினைப் பாக்க மாட்டாங்கப்பா, கதையைத்தான் பாப்பாங்க. இதுக்கு ஒரு கண்ணு வைப்போம். காய் பெருசா சின்னதான்னு அதுவே பாத்து உருளையைத் தள்ளிக்கணும். அப்படி இருந்தா பேரு வாங்கிடலாம்.”

கல்லூரி மாணவர்களைக் கொண்டு கேமராவும் அதற்கான மின்பலகையும் பொருத்தினார். கண் வந்ததும், இனி கைத்திருகு எதற்கு என்று அதை எடுத்துவிடச் சொன்னார். அது இருந்தால் பார்ப்பதற்குப் பழைய சாமானாகத் தெரிகிறதாம். மச்சான் இரண்டு நாள் பட்டறைப் பக்கமே போகவில்லை. பிறகு அவனே கழற்றினான். “மாமா, நிதி வந்ததும் மொத வேலையா இத்த திரும்ப மாட்டிடுவேன், பாத்துக்கினே இரு” என்று சொல்லித் திருகைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தினான்.

அதோடு அவர் நிற்கவில்லை. விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும் என்று எங்களோடு வெள்ளிமலைக்கு வந்தார். மார்கழிப் பனி, கடுக்காய் விழும் பருவம். பெண்கள் குழுவின் தலைவி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவர், களத்தில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார். ஒருங்கிணைப்பாளர் அவர் கையிலிருந்த கல்லை வாங்கித் தூர எறிந்தார். எறிவதைப் படம் எடுக்கச் சொன்னார். “இனிமே கல்லையே தொடாதீங்கம்மா. காயை அப்படியே மூட்டையில போட்டு வையுங்க. தை பொறந்தா மிஷினு வந்துடும்.”

அக்கா என்னைப் பார்த்தார். “அவரு சொல்றது கெடக்கட்டும். நீங்க சொல்லுங்க, மிஷினு வருமா வராதா? வெச்சிருந்து வரலைன்னா இந்த வருசம் போச்சு.”

நான் வாயைத் திறப்பதற்குள் ஒருங்கிணைப்பாளரே முந்திக்கொண்டார். “நான் சொன்னா சொன்னதும்மா.” பெண்கள் உடைப்பதை நிறுத்தினார்கள். மூட்டைகள் கொட்டகையின் கூரை வரை ஏறின.

தேர்வு நாள் தை மாதத்து வெள்ளிக்கிழமை. சென்னையிலிருந்து நடுவர்கள் வந்திருந்தார்கள். கல்லூரி அரங்கில் வரிசையாக மேசைகள். ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள்தான். காலையில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தோம், குறையில்லை. நடுவர்கள் எங்கள் மேசையை நெருங்கும் நேரத்தில் ஒருங்கிணைப்பாளர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். “புது மிஷினு, நல்ல நாளு. பொட்டு வைக்காம ஆரம்பிக்கலாமா?” நாங்கள் கடையிலும் பட்டறையிலும் ஆயுதபூஜைக்குப் பொட்டு வைக்கிறவர்கள்தான். ஆனால் எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியும். அவர் இயந்திரத்துக்கு நெற்றி எது என்று தேடினார். முன்பக்கம், நடுவில், வட்டமாக, பளபளவென்று இருந்தது கண். அதன்மேல் சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தி வைத்து, குங்குமமும் இட்டார்.

“சார், அது கண்ணு!” என்று கத்தினேன். மச்சான் தோள்துண்டோடு பாய்ந்தான். அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வெச்ச பொட்ட அழிக்கறியே, அறிவு இருக்குதா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா. அபசகுனம்பா.”

“உருளை நவுராது சார், வுடு!”

“சும்மா இருப்பா, அவங்க வந்துட்டாங்க.”

வந்துவிட்டார்கள். மூத்த நடுவர் பொத்தானை அழுத்தினார். கண் எதையும் பார்க்கவில்லை. எதையும் பார்க்காவிட்டால் உருளைகள் பூட்டிக்கொள்ளும்படி மாணவர்கள் பாதுகாப்புக்காக அமைத்திருந்தார்கள். மோட்டார் உறுமியது, அவ்வளவுதான். கைத்திருகு இருந்திருந்தால் ஒரே திருப்பில் ஓட்டிக் காட்டியிருப்பான் மச்சான். அது சங்கராபுரத்தில் துணிக்குள் இருந்தது. மாணவர்கள் ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். மச்சான் கையை நீட்டும்போதெல்லாம் ஒருங்கிணைப்பாளர் குறுக்கே வந்து நின்றார். நடுவர் கண்ணைக் குனிந்து பார்த்தார். “இதில் என்ன ஒட்டியிருக்கிறது?”

ஒருங்கிணைப்பாளர் உள்ளங்கைகளைத் தட்டிக்கொண்டார். “கிராமத்து ஆளுங்க சார். சாமி நம்பிக்கை ஜாஸ்தி. எவ்வளவோ சொன்னேன், பொட்டு வெச்சே தீருவேன்னுட்டாங்க.”

நடுவர்கள் இரக்கத்தோடு சிரித்தபடி அடுத்த மேசைக்குப் போனார்கள். நான் பின்னாலேயே போய், வைத்தது அவர் என்று சொன்னேன். மூத்த நடுவர் என் தோளைத் தட்டி, அடுத்த முறை பார்க்கலாம் என்றார். ஒருமுறை நிராகரித்த கண்டுபிடிப்பை மறுமுறை அனுப்பக் கூடாது என்பது அவர்கள் விதி. அதை நான் படித்திருந்தேன். அந்த நடுவர் படித்திருக்கவில்லை போலும்.

மலைக்குத் தகவல் சொல்ல நாங்கள்தான் போனோம். ஒருங்கிணைப்பாளர் வரவில்லை. மூட்டைகளில் கீழே இருந்தவை பனியில் பூசணம் பிடித்திருந்தன. வியாபாரி முழுக்காயாகத் தன் விலைக்கு எடுத்துக்கொண்டு போனான். அக்கா எங்களைத் திட்டவில்லை. “அந்தாளு எறிஞ்ச கல்லாவது கெடைக்குதான்னு பாருங்க” என்று மற்றப் பெண்களிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. மறுநாளே மச்சான் கண்ணைக் கழற்றி எறியப் போனான், நான் வாங்கிக்கொண்டேன். திருகை மறுபடி மாட்டி, இருக்கிற ஒரே இயந்திரத்தை மலைக்கே கொண்டுபோய் வைத்தான். இன்றும் முறைபோட்டு அதில்தான் உடைக்கிறார்கள். முறை வராதவர்கள் கல்லால் உடைக்கிறார்கள். மச்சான் இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறான். பட்டறை பூட்டிக் கிடக்கிறது.

காலம் ஆற்றிவிடும் என்று நான் மதிக்கும் நல்ல புத்தகங்கள் பல சொல்கின்றன. எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை. அவர் இப்போது பெரிய பொறுப்பில் இருக்கிறார். கூட்டங்களில் எங்கள் கதையைச் சொல்கிறாராம், வழிகாட்டியின் பேச்சைக் கேட்காதவர்களுக்கு உதாரணமாக.

போன வாரம் அவரே அழைத்தார். மையத்துக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். “நம்ம கடுக்கா மிஷினு இன்னும் மலையில ஓடிக்கினு இருக்குதாமே சார். சந்தோசம். நம்ம மையம் வளர்த்தெடுத்ததுன்னு போட்டுக்கறேன். நல்லதா ஒரு படம் அனுப்புங்க.”

அனுப்பினேன். மேசை மேலிருந்த கண்ணைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்து, கிட்டப் போய், தெளிவாக எடுத்து அனுப்பினேன். சிறிது நேரத்தில் பதில் வந்தது.

“சார், இது இன்னா? குங்குமச் சிமிழா? நான் மிஷினு படம்தான் கேட்டேன்.”

கைப்பேசியை அணைத்துவிட்டுப் பெட்டியைக் காகிதங்களின் மேல் திரும்ப வைத்தேன். சந்தனம் ஓரங்களில் வெடித்துவிட்டது. நடுவில், குங்குமத்தைச் சுற்றி, அவருடைய கட்டைவிரல் ரேகை இன்னும் கலையாமல் இருக்கிறது.