டீச்சரம்மா வாங்கிய ஐந்து வண்டிகள்

எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள். உடனே என் புருஷனைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள், அவர் யோக்கியமானவர்தான். கார் சாவியைக் கொடுக்கும்போது விரல் பட்டிருந்தால் உண்டு, மற்றபடி அந்த அம்மாளிடம் நின்று பேசும்போதுகூட நாலடி தள்ளித்தான் நிற்பார். ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அதிகமாக அடிபட்டது அவள் பேச்சுதான். டீச்சரம்மா இப்படிச் சொன்னாங்க, டீச்சரம்மா அப்படிக் கேட்டாங்க. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

இவர் ஒரு கார் ஷோரூமில் விற்பனையாளர். கடையில் எத்தனை விதமான கார் நின்றாலும் இவருக்குக் கண் ஒன்றின்மேல்தான். ஜீப்பிலும் சேராமல் காரிலும் சேராமல், உயரமாக, ஒரு குடும்பத்தையே அள்ளிப் போட்டுக்கொண்டு போகிற வண்டி அது. இவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் அதுவும் முதன்முதலாக வந்தது. அதற்குப் பிறகு சில வருஷத்துக்கு ஒருமுறை அதே பேரில் வேறு உடம்போடு வந்துகொண்டிருக்கிறது. கம்பெனிக்காரர்கள் தலைமுறை என்பார்கள். இவர் பெற்ற பிள்ளைகளைச் சொல்வதுபோல மூத்தது, ரெண்டாவது, மூணாவது என்பார். எங்களுக்கு இருப்பதோ ஒரே மகள். மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள் ஒருநாள் என்னை ஓரமாக அழைத்து, "உங்க மூத்தது ரொம்ப மோசமா இருக்காமே, இனிமே செலவு பண்ணி பிரயோஜனமில்ல, தள்ளிவிட்டுடலாம்னு சார் போன்ல சொல்லிட்டிருந்தாரே. என்னக்கா இது அநியாயம்?" என்று கண் கலங்கக் கேட்டாள்.

மூத்ததை இவரிடம் முதலில் வாங்கியவள் டீச்சரம்மா. இவர் சேர்ந்து இரண்டு மாதமாகியும் ஒரு வண்டிகூட விற்காமல் திண்டாடிக்கொண்டிருந்த நேரம். அவள் அப்போது நிறைமாதம். அந்த வண்டியோ லாரி மாதிரி உயரம். பின்கதவு அலமாரிக் கதவுபோலப் பக்கவாட்டில் திறக்கும், அதன் முதுகில் ஒரு சக்கரம் தொங்கும், பள்ளத்தில் இறங்கினால் பல்லெல்லாம் ஆடும். அவள் புருஷன் பல் டாக்டர் என்பதால் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை போலும். ஏற முடியாமல் அவள் நின்றபோது, இவர் உள்ளே ஓடி வாட்ச்மேனின் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, அது நகராமல் காலால் மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அன்றே வண்டி விலை போனது. அந்த ஸ்டூல் கதையை எனக்கு ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பார். கல்யாணமான புதிது, நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அங்கே விட்ட பிடியை அப்புறம் என்னால் பிடிக்கவே முடியவில்லை.

இரண்டாவது வந்தபோது அவள் மாமியார் அவர்களோடு வந்து சேர்ந்துவிட்டார். வண்டியிலும் சரியாக அந்த வருஷம் பின்னால் இன்னொரு வரிசை சீட்டு வந்துவிட்டது. கொடுத்துவைத்தவளுக்கு எல்லாம் கேட்காமலே கிடைக்கும். மாமியாரை நடுவரிசையிலும் பிள்ளைகளைக் கடைசி வரிசையிலும் உட்கார வைத்தால் சண்டை வராது என்று இவர்தான் யோசனை சொன்னாராம். எங்கள் வீட்டிலும் ஒரு மாமியார் இருந்தார். எங்களுக்கு இருந்தது ஒரு ஸ்கூட்டர். முன்னால் மகள், நடுவில் இவர், பின்னால் மாமியார். நான் பஸ்ஸில் வந்து சேர்வேன். அதற்கு யாரும் யோசனை சொல்லவில்லை.

மூன்றாவது கொஞ்சம் நாகரிகப்பட்டுவிட்டது. ஆட்டம் குறைந்தது, ஸ்டீயரிங் ஒற்றை விரலுக்கு வளைந்தது, பின்னால் போனால் முன்னால் இருக்கிற திரையில் பின்பக்கம் தெரிந்தது. நாலாவது உடம்பு பெருத்து, கூரையில் கண்ணாடி வைத்துக்கொண்டு வந்தது. கை நிறையச் சாமான் இருந்தால் பின்பக்கம் காலை நீட்டினால் போதும், கதவு தானாகத் திறக்கும். டீச்சரம்மா காலை நீட்டியதும் திறந்ததாம், சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினாளாம். நான் காலை நீட்டி உட்கார்ந்தால் இந்த வீட்டில் ஏன் என்று கேட்பார்களே தவிர எந்தக் கதவும் திறக்காது.

அந்த நாலாவது வண்டியில்தான் எனக்கு உண்மையிலேயே வயிறெரிந்தது. டீச்சரம்மாவுக்கு இடுப்பு வலி. சீட்டின் முதுகுப் பக்கத்தை அவள் இடுப்புக்குத் தக்கபடி உப்ப வைத்து, அதை ஒரு பட்டனில் பதிய வைக்க வேண்டுமென்று இவர் வேலை முடிந்தபின் அவர்கள் வீட்டுக்கே போனார். திரும்பி வந்து, "ஒரு தடவை அமுத்தினா போதும், அவங்க இடுப்பு எப்படின்னு வண்டி ஞாபகம் வெச்சுக்கும்" என்று பூரித்தார். நான் அப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் படுத்திருந்தேன்.

"என் இடுப்பை எது ஞாபகம் வெச்சுக்கும்?" என்றேன்.

"உனக்கு எப்பவும் கேலிதான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அவள் பிள்ளைகள் எந்த வயதில் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள் என்பதுகூட எனக்கு மனப்பாடம். அந்த வண்டியில் நான் ஒரு முறையாவது உட்கார்ந்திருக்கிறேனா என்றால் இல்லை. நமக்கெதுக்கு அதெல்லாம் என்பார்.

இந்த வருஷம் ஐந்தாவது வந்தது. பெட்ரோலும் பேட்டரியும் கலந்து ஓடுமாம், ஸ்டார்ட் செய்தால் சத்தமே இல்லையாம், தூக்கக் கலக்கத்தில் ரோட்டில் போட்ட கோட்டைத் தாண்டினால் அதுவே ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கொடுக்குமாம். இவர் குளியலறையில் முகம் மழிக்கும்போதுகூடக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். ஆனால் கடையில் நிலைமை வேறு. புதிதாக வந்த மானேஜர் இவரைக் கூப்பிட்டு, "இப்ப வர்றவங்க எல்லாத்தையும் போன்லயே பாத்துட்டுத்தான் வர்றாங்க சார். நீங்க பேசறத நின்னு கேக்க யாருக்கும் நேரமில்ல. இந்த மாசம் உங்க பழைய கஸ்டமர் யாராவது இந்த வண்டிக்கு வர்றாங்களான்னு பாப்போம். இல்லேன்னா பின்னாடி பழைய வண்டி யார்டுக்குப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

"டீச்சரம்மா வருவாங்க. நாலையும் என்கிட்ட வாங்கினவங்க, அஞ்சாவதுக்கு வராம எங்க போவாங்க?" என்றார் என்னிடம். அவளுக்குப் பிடித்த சாம்பல்நீலத்தில் ஒரு வண்டியை ஓரமாக நிறுத்தி, கேட்டவர்களிடமெல்லாம் அது பேசி முடித்தாகிவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்காக இந்த மனுஷன் ஒரு பஸ் சீட்டைக்கூடப் பிடித்து வைத்ததில்லை.

மாதக் கடைசியில் ஒருநாள் ஸ்கூட்டரில் சிக்னலில் நின்றிருக்கிறார். பக்கத்தில் அதே சாம்பல்நீலத்தில் இன்னொரு ஐந்தாவது வண்டி வந்து நின்றது. சத்தம் இல்லாத வண்டியல்லவா, திரும்பிய பிறகுதான் பார்த்தார். மகன் ஓட்ட, டீச்சரம்மா பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் கையைத் தூக்கினார். கண்ணாடி ஏற்றியிருந்தது. விளக்கு மாறி வண்டி முன்னே போனதும், நம்பர் பிளேட்டைச் சுற்றியிருந்த சட்டத்தில் ஊருக்கு வெளியே இருக்கிற இன்னொரு ஷோரூமின் பேர் தெரிந்தது.

"வேற எடத்துல வாங்கிட்டாங்க" என்றார் வீட்டுக்கு வந்து. அவ்வளவுதான், போய்ப் படுத்துவிட்டார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒழிந்தது சனியன் என்று நினைத்தேன், பாட்டுக்கூட முணுமுணுத்தேன். ஆனால் அடுத்த நாளும் அவர் பேசவில்லை, அதற்கடுத்த நாளும் பேசவில்லை. டீச்சரம்மா பேச்சு நின்றதோடு எல்லாப் பேச்சும் நின்றுவிட்டது. வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டேன், ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். ஒன்றாம் தேதி யார்டுக்குப் போனார். ஒருநாள் மதியம் அந்தப் பக்கமாகப் போனபோது வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். மூத்ததும் ரெண்டாவதுமாகப் பழைய வண்டிகள் தூசியோடு நிற்க, நடுவில் நாற்காலி போட்டுத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேசு, அவளைப் பற்றியாவது பேசித் தொலை என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

நான் வேலை செய்வது மூக்குக் கண்ணாடிக் கடையில். ஃபிரேமைச் சரிசெய்வது, லென்ஸ் மாட்டுவது, காதுக்குப் பின்னால் வருகிற கையைச் சூடாக்கி வளைப்பது என் வேலை. போன வாரம் கடை வாசலில் சாம்பல்நீல வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. இறங்கியவளை எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சாவி கொடுக்கிற போட்டோ நாலு எங்கள் வீட்டில் இருக்கிறதே! என்னைத்தான் அவளுக்குத் தெரியாது.

"கண்ணாடி நழுவிக்கிட்டே இருக்கும்மா, கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

உட்காரச் சொன்னேன். கண்ணாடியின் கையைச் சூடு பண்ணி, மாட்டிப் பார்க்க அவள் காதுக்குப் பின்னால் விரலை வைத்தேன். இத்தனை வருஷம் என் வீட்டில் குடியிருந்தவளின் தலை என் இரண்டு கைக்குள் இருந்தது. நரையெல்லாம் சாயத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தது, அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

"புது வண்டியா மேடம்? அழகா இருக்கு."

"ஆமாம்மா. இதே வண்டிதான் அஞ்சாவது தடவையா வாங்கறோம். இந்தத் தடவை மட்டும் கடைய மாத்திட்டோம்."

"ஏன் மேடம்? பழைய கடை சரியில்லையா?"

அவள் சிரித்தாள். "கடை நல்ல கடைதான். அங்க ஒருத்தர் இருக்காரு. குறை சொல்லக் கூடாது, தங்கமான மனுஷன். ஆனா பேச ஆரம்பிச்சா விடமாட்டாரு. மூத்தது எப்படி இருந்துச்சு, ரெண்டாவது எப்படி இருந்துச்சுன்னு ஆரம்பிச்சா பொழுது சாஞ்சிடும். நான் கைக்குழந்தைக்காரியா இருந்தப்ப ஏதோ ஸ்டூல் போட்டாராம், அத வேற ஒவ்வொரு தடவையும் சொல்வாரு. என் பையன் கறாரா சொல்லிட்டான், அந்த அறுவை அங்கிள்கிட்ட இன்னொரு தடவை என்னால மாட்ட முடியாதுன்னு."

அறுவை என்று நானே அவரை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதற்காக? நான் சொல்லலாம், தாலி கட்டிக்கொண்டவள். நீ யாரடி? கைக்குழந்தைக்காரியாம்! அப்போது உனக்கு நிறைமாதம், அந்தக் குழந்தை பிறக்கக்கூட இல்லை. ஸ்டூலை மிதித்துக்கொண்டு நின்றவருக்கு நினைவிருக்கிறது, ஏறினவளுக்கு நினைவில்லை!

"ஸ்... காதுல அழுத்துதேம்மா."

"சரியாயிடும் மேடம்" என்று கழற்றி மறுபடி சூடு காட்டினேன். "அவர் பேர் என்ன மேடம்?"

"பேரா?" என்று யோசித்தாள். "சார் சார்னே கூப்பிட்டுப் பழகிடுச்சு. பேர் கேட்டதில்லையே."

அவர் என் வீட்டுக்காரர்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் பதறியிருப்பாள், மன்னிப்புக் கேட்க யார்டுக்கே வந்து நின்றிருப்பாள். கெட்டவள் இல்லையே, கெட்டவளாக இருந்தாலாவது வசதியாக இருந்திருக்கும். அப்புறம் அவள் ஏன் கடை மாறினாள் என்பது அவருக்குத் தெரிந்துபோகும். வாயை மூடிக்கொண்டு, ஒழுங்காக வளைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், டிவி ஓடிக்கொண்டிருக்க இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காபி போட்டுக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு உங்க டீச்சரம்மா எங்க கடைக்கு வந்திருந்தாங்க."

மெதுவாகத் திரும்பினார்.

"நான் யாருன்னு சொன்னேன். அவங்களுக்கு ஒரே வருத்தம். வண்டி வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஷோரூமுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்காங்க. எவனோ ஒரு பொடியன் எடுத்து, நீங்க வேலைய விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு சொல்லியிருக்கான். அவர் இல்லாத கடையில நமக்கென்ன வேலைன்னு வேற எடத்துக்குப் போயிருக்காங்க." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோமே என்று எனக்கே பயம். "நீங்க போன் கீன் பண்ணிடாதீங்க. ஏற்கெனவே சங்கடப்படறாங்க."

"அதான பாத்தேன்!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவங்க அப்படிப்பட்டவங்க இல்லையே, எப்படி இப்படிப் பண்ணுவாங்கன்னு யோசிச்சு யோசிச்சு மண்டையே வெடிச்சிடுச்சு. வேற என்ன சொன்னாங்க?"

"வேற என்ன..."

"ஏதாவது சொல்லியிருப்பாங்களே. சொல்லேன்."

"உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு மனுஷனப் பாக்கறது கஷ்டம்னாங்க. சின்ன வேலையா இருந்தாலும் மனசு வெச்சு செய்வார், அடுத்தவங்களுக்கு எங்க வலிக்குதுன்னு பாத்து செய்வார். இந்தக் காலத்துல அப்படி யாரு இருக்கா, நீங்க கொடுத்துவெச்சவங்கன்னாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எத்தனை வருஷமாக எனக்குள் கிடந்ததோ தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. முதல்முறையாகச் சொன்னேன், அதுவும் அவள் பேரில் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா? அவங்க யாரோ, எங்கிருந்தோ வந்து வண்டி வாங்கிட்டுப் போனவங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நீ ஒரு நாளாவது என்னை இப்படிச் சொல்லியிருக்கியா?"

என் வயிறு பற்றி எரிந்தது.

"இல்லதான்" என்றேன்.