மெஷின் எண்ணாமல் விட்டது

இரண்டு வருடங்களுக்கு முன், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் பி.எச்.டி. செய்துகொண்டிருந்த நான், லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். லீவு என்று பெயர்தானே தவிர, லேப்டாப்பும் கூடவே வந்திருந்தது.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் செல்களைச் சின்னச் சின்னக் குழிகளில் வளர்த்து, கொழுப்பு ஏற்றி, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு மருந்துப் பொருளை விடுவோம். எந்தக் குழியில் செல்கள் சாகாமல் கொழுப்பு மட்டும் குறைகிறதோ, அந்தப் பொருளைப் பிடித்துக்கொள்வோம். அது செல்லுக்குள் எதைத் தொட்டு இந்த வேலையைச் செய்தது என்று அப்புறம்தான் தேடுவோம். அது தெரிந்துவிட்டால், புது மருந்து செய்கிறவர்களுக்குக் குறிவைக்க ஓர் இடம் கிடைத்துவிடும். குழிகளைப் படம் பிடிப்பதும் செல்களை எண்ணுவதும் மெஷின்தான். எண்ணிக்கை குறைந்தால் செல்கள் செத்துவிட்டன என்று அந்தக் குழியை ஒதுக்கிவிடுவேன். அந்தப் படங்களைத் திறந்துகூடப் பார்க்க மாட்டேன்.

அன்று மாலை ஐந்து மணிக்குள், அடுத்த சுற்றுக்குப் போகும் பொருட்களின் பட்டியலை அனுப்பியாக வேண்டும். தேறியவை இரண்டே இரண்டு. அவையும் சுமார் ரகம். நாலு வருட உழைப்பு இவ்வளவுதானா என்று அந்தப் பட்டியலையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு, அருவிக் கூட்டத்தில் குற்றாலம் முழுக்க நெட் படுத்துவிட்டது. தென்காசியில் என் பள்ளித் தோழி ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறாள். பிளஸ் டூ வரை ஒரே பெஞ்ச், என்னைவிட எப்போதும் மார்க் அதிகம். லேப் டெக்னீஷியன் படிப்பு முடிந்ததும் கல்யாணம். கணவர் துபாயில். அவள் லேபுக்குப் போய் அனுப்பிவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

"வாட்டி பெங்களூரு! நெட்டுக்காவது என் ஞாபகம் வந்துச்சே" என்று வரவேற்றாள்.

அவள் மேஜைக்கு முன்னால், செங்கோட்டையிலிருந்து காய்ச்சலோடு வந்த ஒருவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் அவருடைய ரத்தத் தட்டணுக்களை மிகவும் குறைவாகக் காட்டியிருந்தது. அந்த அம்மா அழுதுகொண்டே, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போக போனில் கார் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. கண்ணால பாக்காம நான் ரிப்போர்ட் தர மாட்டேன்" என்றாள் தோழி. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்கன பாரு. ஒண்ணோட ஒண்ணு கொத்தா ஒட்டிக்கிட்டு கெடக்கு. மெஷினுக்கு இதை எண்ணத் தெரியாதுட்டி. கொறைஞ்சுட்டுன்னு சொல்லிரும்."

ரத்தம் உறையாமலிருக்க டியூபில் போடும் மருந்து சிலருக்கு இப்படி ஒட்டவைத்துவிடுமாம்; வேறு மருந்து போட்ட டியூபில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தாள். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

எனக்கோ பகீரென்றது. கல்லீரல் செல்களும் கொத்துக் கொத்தாகத்தானே வளரும்! அவசரமாக லேப்டாப்பைத் திறந்து, ஒதுக்கிய குழிகளின் படங்களைப் பார்த்தேன். பலவற்றில் செல்கள் நிஜமாகவே செத்து உதிர்ந்திருந்தன. ஆனால் சிலவற்றில், உயிரோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. பத்துச் செல்லை ஒன்றாக எண்ணியிருந்தது மெஷின். பார்க்க வேண்டிய படங்களோ நூற்றுக்கணக்கில் இருந்தன. அழுகை வந்துவிட்டது.

அவள் அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள். "என்னட்டி, ஏன் அழுவுற?" என்றாள். சொன்னேன். பாக்ஸை மூடி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முழுதாக மூன்று மணி நேரம். நடுவில் ஆள் வந்தால் எழுந்து போய் ரத்தம் எடுத்துவிட்டு வருவாள். "இது செத்துட்டு. இது உசுரோட இருக்கு. இது சந்தேகம், தனியா வை." அவள் கண்ணின் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. செல்கள் பிழைத்து, கொழுப்பும் குறைந்த ஐந்து குழிகள் கிடைத்தன. ஐந்து மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது பட்டியல் போனது.

அந்த ஐந்து குழிகளில் விட்ட பொருட்களில் ஒன்று எல்லாச் சோதனையிலும் நின்றது. அது செல்லுக்குள் பிடித்துக்கொண்ட புரதத்தையும் சென்ற வருடம் கண்டுபிடித்துவிட்டோம். கல்லீரல் கொழுப்பு விஷயத்தில் நாங்கள் சந்தேகப்பட்டே இராத புரதம் அது. முதல் போன் அவளுக்குத்தான். சந்தோஷத்தில் மனதில் கிடந்ததையும் கொட்டிவிட்டேன். இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு ஊரார் ரத்தத்தில் சர்க்கரையும் உப்பும் பார்க்கிறாளே என்று அவளைப் பார்த்துப் பல வருடம் பரிதாபப்பட்டதைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன்.

"அது எனக்கு எப்பவோ தெரியும்ட்டி. உன் மூஞ்சிலதான் எழுதி ஒட்டிருக்குமே" என்று சிரித்தாள்.

தெரிந்திருந்தும் அவள் அன்று சாப்பிடாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை நினைக்கும்போதெல்லாம், நான் கண்டுபிடித்த எதைவிடவும் அதுதான் பெரிதாகத் தெரிகிறது.