பெர்மிட் வந்துட்டு

"இன்னும் ஒரு சாண் முன்னுக்கு," என்கிறார் முத்தலிபு, கையை நீட்டாமல், நாடியை உயர்த்திக் காட்டி. லோபெட் லொறியின் நீண்ட, தாழ்ந்த தட்டில் ஏறி நிற்கும் பெக்கோ, மண் தோண்டுகிற அந்தப் பெரிய இயந்திரம், உறுமி ஒரு சாண் நகர்கிறது. அவர் குந்தி, தலையைச் சரித்துப் பின் டயர்களின் வயிற்றைப் பார்க்கிறார். எந்த அச்சில் பாரம் கூடவோ அந்த டயர்கள் பிதுங்கும். "போதும். இனிக் கட்டுங்க."

கற்பிட்டிப் பக்கத்திலிருந்து கொழும்புக்குப் பார இயந்திரங்கள் ஏற்றிப்போகிற வண்டி அது. முத்தலிபு நல்ல சாரதி. அதற்கு மேல் புகழ ஒன்றுமில்லை. பின்னுக்கு எடுக்கும்போது ஒரு தடவையாவது பிழைவிடுவார். ஆனால் பாரம் எங்கே இருக்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டார். மொத்தம் அளவுக்குள் நின்றாலும் ஓர் அச்சில் கூடிவிட்டால் வண்டியை மறித்துவிடுவார்கள். "பாரம் கூடினா முறியாது. எல்லாம் ஒரு எடத்தில குந்தினாத்தான் முறியும்" என்பார். கலியாண வீட்டில் சஹனை, பலர் சேர்ந்துண்ணும் பெரிய சோற்றுத் தட்டை, சுற்றிச் சாப்பிட உட்காரும்போதும் பெருத்த ஆட்கள் இருவரை ஒரே பக்கம் இருக்க விடமாட்டார்.

பெர்மிட் இல்லாமல் அவர் அசைவதில்லை. எந்த வீதி, எந்த நேரம், எந்தப் பாலத்தில் மெதுவாக, எல்லாம் அதில் இருக்கும். அதற்காகப் பாலாவி உப்பளங்களுக்கு எதிரே நாட்கணக்கில் வண்டியை நிறுத்திவைத்துக் காத்திருப்பார். வந்துவிட்டால் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புவார். பெர்மிட் என்றால் அவருக்குப் புறப்படுவது.

மனைவி பளீலா குவைத்தில், ஒரு வீட்டில் வயதான பெண்ணொருத்தியைப் பராமரிக்கிறாள். போய் நான்கு வருடமாகிறது. அவளுக்கு ஓய்வு கிடைக்கும்போது இவர் ஸ்டியரிங்கில் இருப்பார். அதனால் இருவரின் கதையும் சின்னச் சின்னக் குரற்பதிவுகளாகத்தான் போய்வரும். விமான நிலையம் அவருடைய வழியிலேயே இருக்கிறது. கட்டுநாயக்கவில் தலைக்கு மேல் விமானம் இறங்கினால் வேகத்தைக் குறைப்பார். முன்னால் சிவப்புக்கொடி கட்டி வழிகாட்டிப் போகும் சிலாபத்துப் பீற்றர், தொடக்கத்தில் டயர் வெடித்துவிட்டதென்று பயந்து இறங்கி ஓடிவந்திருக்கிறார். இப்போது அவரும் சேர்ந்து மெதுவாகிறார்.

போன மாதம் அவளிடமிருந்து ஒரு பதிவு வந்தது. "பெர்மிட் வந்துட்டு." அவ்வளவுதான். இவர் "மாஷா அல்லாஹ்" என்று அனுப்பினார். எந்த நாள் என்று கேட்கவில்லை. பெர்மிட் வந்தபின் நாள் தானாக வரும் என்பது அவருடைய தொழிலின் பழக்கம்.

அன்றிலிருந்து ஆள் மாறிப்போனார். கிணற்றடியில் குந்தியே சமைக்கிற சாமான் கழுவினவளுக்காகக் குசினிக்குள் தண்ணீர்க் குழாய் இழுத்தார். வண்டியின் இடப்பக்க இருக்கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். கொழும்பில் பாரத்தை இறக்கிவிட்டுத் திரும்புகிற நாளில் அவள் வந்திறங்க வேண்டும், அந்த இருக்கையில் ஏற்றி வரவேண்டும். வெறும் வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம். சிலாபம், முந்தல் என்று நினைத்த இடத்தில் நிறுத்தலாம். அவள் ஒருநாளும் அதில் ஏறியதில்லை.

பீற்றர் சும்மா விடவில்லை. "மச்சான், இந்தச் சிரிப்ப பெர்மிட்டில போட்டிருக்கா? அகலம் கூடிட்டு. பொலிஸ் மறிப்பான்."

"நீங்க முன்னுக்குப் பாத்து ஓட்டுங்க," என்றார் முத்தலிபு. அகலம் குறையவில்லை.

முதலாளியிடம் லீவு கேட்பதற்கு ஒரு தேதி வேண்டியிருந்தது. அதனால் நேற்று, தன் வழக்கத்தை மீறி, எந்த நாள் வருகிறாய் என்று அவளிடம் கேட்டுவிட்டார். இன்று பெக்கோவைக் கட்டி முடித்து, பாரம் நிறுக்கும் தராசுத் தட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தியபோது பதில் வந்தது.

"இஞ்ச பாருங்களேன். நான் சொன்னது இங்க இரிக்கிற பெர்மிட். இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் புதுப்பிச்சித் தந்திருக்காங்க. இந்த மனிசி வேற ஆக்கள்ட கையால தின்னுறாவும் இல்ல. நீங்க மாஷா அல்லாஹ் எண்டு அனுப்பினதும், சரி, ஒங்களுக்கும் விருப்பம்தான் எண்டு கையெழுத்து வெச்சன். வேணாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வந்திருப்பன்."

அவளுக்குப் பெர்மிட் என்றால் தங்குவது. ஒரு மாதமாக இருவரும் ஒரே சொல்லை, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பீற்றர் யன்னலடிக்கு வந்து, எல்லா அச்சும் அளவுக்குள் நிற்கிறது, வெளிக்கிடுவோமா என்று கேட்டார். முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வண்டிக்குத் திரும்பினார். பின்னால் உப்பு லொறி ஒன்று ஹோர்ன் அடித்தது.

முத்தலிபு கைப்பேசியைக் காதோடு வைத்துப் பதிவைத் தொட்டார். "இஞ்ச பாருங்களேன்," என்றாள் பளீலா. அடுத்த சொல் வருமுன் பெருவிரலால் நிறுத்தினார். மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுபோய், மறுபடி தொட்டார்.