பழுப்புக்கு அடியில்

ஊறலக்கா என்ற பெயரைப் பட்டறைக்காரர்கள்தான் வைத்தார்கள். யார் எவ்வளவு அவசரமாக ஓடிவந்தாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே சொல்: “ஊறட்டும்.” கார் பெயின்ட் பட்டறையின் பின்னறையில் மூன்று தொட்டிகள், ஒரு குழாய், பதினான்கு பழைய டூத் பிரஷ்கள். கெட்டிப் பிளாஸ்டிக் பாகங்களிலிருந்து பழைய பெயின்ட்டை எடுப்பது பத்தொன்பது வருடமாக அவர் வேலை. தின்னர் பக்கமே போகமாட்டார். அது பெயின்ட்டோடு பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். பிரேக் ஆயில், கையுறை, சோப்புத் தண்ணீர் போதும். மிச்சம் பொறுமை.

ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு ஒரு இளைஞர் கோணிப்பையோடு வந்து நின்றார். பைக்குள் ஒரு காரின் டேஷ்போர்டுப் பட்டைகளும் கதவுப் பட்டைகளுமாக எட்டுத் துண்டுகள். எட்டும் வெள்ளி நிறத்தில் பளபளத்தன.

“அக்கா, இது என் மாமனார் கார். பதினோரு நாள் ஊருக்குப் போனார். என்னை நம்பிச் சாவி கொடுத்தது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்படுவாருன்னு நானே அடிச்சேன்.”

“என்ன பெயின்ட்?”

“ஜன்னல் கம்பிக்கு வாங்கினதுல மிச்சம்.”

“ஜன்னலுக்கு நல்லா இருந்துச்சா?”

“சூப்பரா இருந்துச்சுக்கா.”

“அதோட நிறுத்தியிருக்கலாம் தம்பி.”

“அத்தை பார்த்துட்டாங்க. உள்ளே போய் சிரிச்சாங்க. அஞ்சு மணிக்கு மாமா வந்துடுவார். அடியில இருக்கிறது கம்பெனி கொடுத்த பழுப்புன்னு பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் பெருமை அடிப்பார். அது போச்சுன்னா எனக்கு இனிமே சைக்கிள் சாவிகூடக் கிடைக்காது.”

“பழுப்பை அப்படியே தர்றேன், போதுமா? ஊறட்டும்.”

ஒரு துண்டின் பின்புறம் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் பார்த்தார். பிசுபிசுப்பு இல்லை, பிளாஸ்டிக் தாங்கும். ஒன்பது ஐம்பதுக்கு எட்டில் ஏழு துண்டுகளைத் தொட்டியில் இறக்கினார். எட்டாவது துண்டு நீளம், அதற்கு இடமில்லை. மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து நகம் கடித்தார்.

ஒரு மணிக்கு வெள்ளி சுருண்டு கிளம்பியது. கூடவே பழுப்பும் கிளம்பியது.

ஊறலக்கா ஏழு துண்டுகளையும் அள்ளி வெளியே போட்டார். காலம் கடந்துவிட்டது. தொட்டபோதெல்லாம் பழுப்பு வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் தெரிந்தது, பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும்போதே கலந்த கறுப்பு. பிளாஸ்டிக்கைச் சோதித்தவர், மேலே எத்தனை பூச்சு இருக்கிறது என்று சோதிக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் ‘இதுவரை எடு, இதற்குக் கீழே தொடாதே’ என்று யாரும் கேட்டதில்லையே. மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார்.

கம்பெனிப் பூச்சு இவ்வளவு லேசில் வராதே என்று ஊறலக்காவுக்கு உறுத்தியது. எட்டாவது துண்டின் ஓரத்தில் வெள்ளியை மட்டும் மெல்லத் துடைத்துப் பார்த்தார். பழுப்பில் வரிவரியாக பிரஷ் தடம். நடுவே ஒரு பிரஷ் முடி ஒட்டிக் காய்ந்திருந்தது.

மூன்று பத்துக்கு வாசலில் செருமல் கேட்டது. பஸ் சீக்கிரம் வந்துவிட்டதாம். வீட்டில் காரைப் பார்த்துவிட்டு, மனைவியிடம் இடம் கேட்டுக்கொண்டு மாமனார் நேரே இங்கே வந்திருந்தார்.

“வாங்க மாமா,” என்றார் மாப்பிள்ளை, பாதிக் குரலில்.

ஊறலக்கா முன்னே வந்தார். “அவரைத் திட்டாதீங்கண்ணே. வெள்ளி அடிச்சது அவர்தான். பழுப்பை எடுத்தது நான். பார்க்காம ஊறப்போட்டது என் தப்பு. ஆனா அது கம்பெனிப் பூச்சு இல்லண்ணே. இதோ பாருங்க, முடி.”

மாமனார் முடியைப் பார்த்தார், வாசலைத் திரும்பிப் பார்த்தார். குரல் இறங்கியது.

“மாப்ள, இதை வீட்டுல சொல்லிட்டீங்களா?”

“இல்ல மாமா.”

“கறுப்பு எனக்குப் பிடிக்கல. கார் வாங்கின மறுவாரம் நானே அடிச்சேன். அலமாரிக்கு வாங்கினதுல மிச்சம். உங்க அத்தைகிட்ட கம்பெனிக் கலர்னு சொல்லி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு.”

ஊறலக்கா சிரிப்பை அடக்க முடியாமல் குழாயைத் திறந்துவிட்டார்.

“அத்தை கேட்டா என்ன சொல்றது மாமா?”

“வெள்ளியை எடுக்கும்போது கம்பெனிக் கலரும் சேர்ந்து போச்சுன்னு சொல்லுங்க. திட்டு உங்களுக்குத்தான் விழும். வாங்கிக்குங்க.” சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்.”

பிறகு முடி ஒட்டியிருந்த எட்டாவது துண்டை ஊறலக்காவிடம் நீட்டினார். “இதையும் ஊறப் போட்டுடும்மா.”