மழையில் கிளம்பாத ஐஸ் வண்டி: தாம்பரத்திலிருந்து கோவளத்துக்கு ஒரு சனிக்கிழமை

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக சேலையூர் பக்கம் இருப்பவர்கள். என் பெயரும் பள்ளியின் பெயரும் போடவில்லை. ஆனாலும் அப்பாவிடம் பெட்ரோலில் ஓடும் பழைய லாரி இருக்கும் பதினொன்றாம் வகுப்புப் பெண் இந்தப் பக்கம் எத்தனை பேர் இருப்பார்கள்? தெரிந்துவிடும். போர்வைக்குள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அத்தை போன் செய்தார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கோவளத்தில் மீன் விற்கிறார். அவர் வீட்டுப் பக்கத்தில் இரண்டு வருடமாக நிற்கிற எங்கள் வண்டியைச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் காயலான் கடைக்காரர் வந்து வெட்டி எடுத்துக்கொண்டு போகப் போகிறார் என்றார். அப்பா, "எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அது ராணுவ ஏலத்தில் தாத்தா காலத்தில் வாங்கிய சின்ன லாரி. அப்பா அதில் விடியற்காலையில் தாம்பரத்திலிருந்து கோவளத்துக்கு ஐஸ் கொண்டுபோவார். பள்ளி விடுமுறை என்றால் நானும் போவேன். சீட்டின் கிழிசலில் தேங்காய் நார் குத்தும். பின்னால் ஐஸ் உருகி, வழி முழுக்க ரோட்டில் ஒரு ஈரக்கோடு போட்டுக்கொண்டே வரும். புதுப்பாக்கம் வளைவில் ஹாரன் அடிக்கிற வேலை என்னுடையது. அந்த வண்டி மழைக்காலத்தில் மட்டும் காலையில் கிளம்பாது. பொறி தரும் காயிலை மாற்றினார், பாயின்ட் மாற்றினார், கண்டன்சரை இரண்டு முறை மாற்றினார். மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனால் பத்து மணி வெயிலில் ஒரே சாவியில் கிளம்பும். படகுக்காரர்கள் எத்தனை நாள் ஐஸுக்குக் காத்திருப்பார்கள்? வேறு வண்டிக்கு மாறினார்கள். அப்பா இப்போது சிறுசேரியில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். ஹாரன் அடிக்கக் கூடாது என்பது அங்கே விதியாம்.

வெட்டுவதற்குள் ஒரு முறையாவது அதைக் கிளப்பிப் பார்க்க முடிவு செய்தேன். அம்மாவிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொன்னேன். அம்மா டீச்சர், முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார். அதனால் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னேன்.

காலை 6.40க்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினேன். சாதாரண பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். வண்டலூர், கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம் சுமார் 25 கிலோமீட்டர். 7.50க்கு இறங்கினேன். இரவெல்லாம் மழை, இன்னும் தூறல். வழியில் மாம்பாக்கத்தில் அப்பா எனக்கு பன் வாங்கித் தரும் டீக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கேளம்பாக்கம் பங்க்கில் தண்ணீர் பாட்டிலைக் காட்டி அரை லிட்டர் பெட்ரோல் கேட்டேன், தரவில்லை. பாட்டிலில் தரமாட்டார்களாம், இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கோவளத்துக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய், ஆறு கிலோமீட்டர்.

ஆட்டோ ஓட்டிய அண்ணா பெயர் டில்லி. விஷயத்தைச் சொல்லி, பேட்டரி கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டேன்.

"இன்னா பாப்பா, பன்னெண்டு மணிக்கு வெட்றவன் வரான், எட்டு மணிக்கு வைத்தியமா?" என்று சிரித்தார். ஆனால் அத்தை வீட்டு வாசல் வரைக்கும் வண்டியை விட்டார்.

அத்தை மீன் கூடையோடு நின்றிருந்தார். "அடியே, ஸ்கூல் டிரஸ்ல வந்துகிற! ஒங்கம்மாவுக்குத் தெரிமா?" என்றார். நான் தண்ணீரைக் கொட்டிவிட்டு பாட்டிலை நீட்டி பெட்ரோல் கேட்டதிலேயே புரிந்துகொண்டார். பக்கத்து வீட்டு ஸ்கூட்டரிலிருந்து பெட்ரோலை அவரே குழாய் வைத்து இறக்கித் தந்தார்.

டில்லி அண்ணா தன் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. அப்பாவுக்கு டார்ச் பிடித்து நின்றதால் எதற்குப் பிறகு எதைச் சோதிப்பது என்ற வரிசை எனக்கு மனப்பாடம். பிளக்கைக் கழற்றி ஒயரில் மாட்டி, அதன் உடம்பை இன்ஜின் இரும்பில் படும்படி வைத்து, டில்லி அண்ணாவைச் சாவி போடச் சொன்னேன். பொறி இல்லை. அடுத்து, காயிலிலிருந்து வரும் நடு ஒயரைப் பிடுங்கி, ரப்பர் கைப்பிடிக் குறட்டால் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தேன். டப் டப் என்று நல்ல நீலப் பொறி.

"காயில் நல்லாகீது. அப்ப எங்க பூடுது கரன்ட்டு?" என்றார் டில்லி அண்ணா. "எனக்கு டீசல்தான் தெரியும்மா. அதுல பிளக்கே இல்ல, பேஜாரும் இல்ல."

காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவில் இருப்பது ஒன்றுதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. நடுவில் வரும் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் கறுப்பு மூடி. இரண்டு கிளிப்பை நெம்பித் திருப்பிப் பார்த்தேன்.

உள்ளே சந்தனம். அதன் மேல் குங்குமம். காய்ந்து, ஈரத்தில் ஊறி, மறுபடி காய்ந்து, அடை அடையாக.

டில்லி அண்ணா சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு, மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி பொட்டு. அத்த மட்டும் தொடாத பாப்பா."

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வண்டிக்குப் பொட்டு வைப்பது நான். ஆறு வயதில் அப்பா என்னைப் பம்பரில் ஏற்றிவிட்டு, "எல்லா எடத்துலயும் வைடா" என்றார். துடைப்பதற்காக மூடி திறந்திருந்தது. இதுதான் வண்டியின் இதயம் என்று நினைத்து உள்ளேயும் வைத்தேன். பிறகு வருடா வருடம். பூஜை முடிந்தால் மழை வந்துவிடும். எல்லோரும் மழையைத்தான் திட்டினார்கள். எத்தனை மெக்கானிக் திறந்து பார்த்திருப்பார்கள்! யாருமே அழிக்கவில்லை. யார் அழிப்பார்கள்?

பாவாடை பெல்ட்டில் சொருகியிருந்த கர்சீப்பால் துடைத்தேன். அடியில் ஒரு பித்தளை முனையிலிருந்து இன்னொன்றுக்கு முடி மாதிரி ஒரு கருகிய கோடு. ஈரமானால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டு வழியாகவே ஓடியிருக்கிறது. ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸ் முனையால் சுரண்டினேன். அத்தை அடுப்படியில் மூடியைச் சூடுகாட்டி எடுத்துவந்தார். திரும்ப மாட்டினோம்.

மூன்றாவது சுற்றில் பிடித்தது. தூறலில், 9.25க்கு.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நிறுத்திவிட்டு, காயலான் கடைக்காரர் வந்தபோது மறுபடி கிளப்பினோம், இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "இன்னாக்கா, கட்டர இறக்கவா வேணாமா?" என்றார்.

"உசுரோட கீறத வெட்டுவியா நீ? போ" என்றார் அத்தை.

இப்படி ஒரு வண்டி உங்களிடம் இருந்தால்: வெயிலில் கிளம்பி ஈரத்தில் கிளம்பாவிட்டால் காயிலை மாற்றுவதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள். சுரண்டுவது அன்றைக்கு மட்டும் உதவும், புது மூடி வாங்க வேண்டும். ஒயரை வெறும் கையால் பிடிக்காதீர்கள். பெட்ரோல் சிந்தியிருந்தால் பொறி பார்க்காதீர்கள். பொட்டை பானெட்டுக்கு வெளியே வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றேன். அப்பா தன் கைராசிதான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குக் காரணம் நான் வைத்த பொட்டு. அத்தை என் பெயரைச் சொல்லமாட்டார், ஆனால் வண்டி ஓடுகிறது என்று இன்றிரவு அப்பாவுக்குப் போன் செய்வார். எப்படி என்று அப்பா கேட்பார். திட்டினால் பரவாயில்லை. "விடு, போனது போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டால்தான் தாங்க முடியாது. அதனால் நானே முதலில் சொல்லிவிட வேண்டும். மூடியைத் திறந்தது வரை சரியாகச் சொல்லிவிடுவேன், அதற்கப்புறம்தான்

கதவு தட்டுகிறது. அம்மா என்றால் தட்டமாட்டார், திறந்துகொண்டே வருவார். அப்பாதான். "முழிச்சிருக்கியா? வண்டி சத்தத்த அக்கா போன்ல காட்டிச்சு" என்கிறார். பொட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கதவைத் திறக்கப் போ