முன்னே வரும் மணியோசை

சாலையின் எதிர்ப்புறம், பூட்டிக் கிடக்கும் செருப்புக் கடையின் நிழலில் நின்றுகொண்டு மூன்றாவது முறையாக மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார் அதிகாரி. கண்ணாடியில் தூசு எதுவும் இல்லை; முதல் தடவையிலேயே போய்விட்டது. ஆனால் எதிரே இருக்கும் உணவகத்தின் பின்வாசல் வழியாக இரண்டு மூட்டைகளும் ஒரு நீல வாளியும் அவசரமாக வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. கண்ணாடி கையில் இருக்கும்வரை அவை அவர் கண்ணுக்கு மங்கல்தான். வாளி மறைந்ததும் கண்ணாடி மூக்குக்குத் திரும்பும். அதன் பிறகே அவர் சாலையைக் கடப்பார்.

அரை மணி நேரம் முன்பே தொலைபேசியில் பேசியாகிவிட்டது. "அந்தப் பக்கமா ஒரு வேலையா வர்றேன். அப்படியே உங்களையும் எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு..." யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். உணவகச் சமையல்கட்டுகளில் இவருக்கு 'மணியோசை' என்றே பெயர். யானை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

உணவுப் பாதுகாப்பு அதிகாரியாக இருபத்திரண்டு வருஷம். உள்ளே நுழைந்ததும் நேரே கை கழுவப் போவார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒன்று விடாமல் தேய்ப்பார். பிறகு சொட்டும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையல்காரர்களுக்கு ஒரு பிரசங்கம்: "நோய் எங்க குடியிருக்கு தெரியுமா? நகத்துல!" அது முடிந்ததும் வெப்பமானியை உருவி, தளதளவென்று கொதிக்கிற சூப்பில் விட்டுப் பார்த்து, கொதிக்கிறது என்று எழுதிக்கொள்வார். முதலாளி திறந்து காட்டும் குளிர்பெட்டியைப் பார்ப்பார். திறக்காததைத் திறக்கச் சொல்ல மாட்டார். அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவது மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்டவர்.

லஞ்சம் வாங்குகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. "ஒத்தக் காசு தொட்டதில்ல, ஒரு டீ குடிச்சதில்ல" என்று எங்கே போனாலும் சொல்வார். அதுவும் உண்மை. காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடுகிறவனுக்குக் கூலியாவது மிஞ்சுகிறது. இவர் அதை ஓசியில் செய்கிறார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய இடம் ஒன்றின் சமையலறையை இழுத்து மூடி முத்திரை வைத்தார். அடுத்த வாரமே மாற்றல். கண்காணாத இடத்துச் சோதனைச் சாவடியில் எட்டு மாதம் பால் வண்டி எண்ணினார். "ஊரைத் திருத்தக் கெளம்பினீங்களே, ரெண்டு புள்ளைங்களோட நான் பட்ட பாட்டை யாரு திருத்துவா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எட்டு மாதத்துக்கான வட்டியை மற்றவர்கள் வயிற்றில் இன்றுவரை வசூலித்துக்கொண்டிருக்கிறார்.

வீரம் அடியோடு போய்விடவில்லை. தள்ளுவண்டிகளைக் கண்டால் பொங்கிக்கொண்டு வரும். பேருந்து நிறுத்தத்துச் சூப்புக்காரர் தலையுறை போடவில்லை என்று ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

"சார், எனக்குத் தலையில முடியே இல்லையே!"

"வழுக்கைக்குன்னு சட்டத்துல விலக்கு எதுவும் இல்ல."

அண்டா நிறைய சூப்பைச் சாக்கடையில் கவிழ்க்கவைத்து, பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் அலுவலகச் சுவரில் 'அதிரடி நடவடிக்கை' என்ற தலைப்போடு தொங்குகிறது.

போன மாதம் கண்ணாடி முகப்பு வைத்த உணவகம் ஒன்றில் ஒரு சம்பவம் நடந்தது. ஃப்ரீசர் பழுதாகி மூன்று நாள் கேட்பாரில்லாமல் கிடந்ததில் உள்ளே இருந்த கோழிக்கறி நாறிவிட்டது. முதலாளி அதை வினிகரில் அலசச் சொன்னார். அலசியவள் ஒன்பது வருஷமாக அங்கே பாத்திரம் கழுவும் பெண்; எல்லாருக்கும் அக்கா. அன்று மதியத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு சொல்லியிருந்தார்கள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சந்துக்குள் போய், புகார் எண்ணுக்குப் பேசினாள்.

"என் பேரு வெளிய வராதுல்ல?"

"வராதும்மா. ரகசியமா வைக்கணும்னு விதியே இருக்கு."

மணியோசை விதியை மீறவில்லை. முதலாளியிடம் தொலைபேசியில் பேசியபோது அக்காவின் பேரைச் சொல்லவே இல்லை. "பாத்திரம் கழுவுற பொம்பளை ஒண்ணு புகார் சொல்லியிருக்கு. எனக்கு வேற வழியில்ல, வந்துதான் ஆகணும்" என்றார், அவ்வளவுதான். அங்கே பாத்திரம் கழுவ இருந்தது ஒரே ஒரு பெண்.

அவர் வந்து சேர்ந்தபோது ஃப்ரீசர் காலியாகிப் பளபளவென்று இருந்தது. அதில் இருந்ததெல்லாம் மிளகும் மசாலாவும் அள்ளிப் போட்டு அடுப்பில் ஏறியிருந்தது. முதலாளியின் அறையில் அக்காவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வாசலில் சமையல்காரர்கள் கூடி நின்றார்கள்.

"சோறு போட்ட எடத்துலயே வாய வச்சிருக்கா பாருங்க சார்" என்றார் முதலாளி.

"ஃப்ரீசர் சுத்தமாத்தானேம்மா இருக்கு?" என்றார் அதிகாரி, வலிக்காமல் ஊசி போடுகிற குரலில்.

அக்கா அழவில்லை. "ஃப்ரீசரை விடுங்க சார். அடுப்புல இருக்கிறதுல ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க. நல்லாயிருக்குன்னு சொல்லிட்டீங்கன்னா நானே போயிடறேன். நூத்திப்பத்து புள்ளைங்க சாப்பிடப் போறது, நீங்க ஒரு வாய் சாப்பிடக் கூடாதா?"

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. "கொண்டாங்கய்யா ஒரு தட்டு! சார் சாப்பிட்டுச் சொல்லட்டும்."

தட்டு வந்தது. ஆவி பறந்தது. மிளகு வாசம் முதலில் வந்தது, அதற்கடியில் வினிகர். அதற்கும் அடியில் ஒன்று இருந்தது. இருபத்திரண்டு வருஷ மூக்கு அதை முகர்ந்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டது. இந்தக் கறியைச் சாக்கடையில் கொட்டச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. கூடவே சோதனைச் சாவடியும் பால் வண்டிகளும் வந்தன.

"டாக்டர் வெளிச் சாப்பாடே தொடக் கூடாதுன்னுட்டாரு..." என்றார்.

வாசலில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

"போதும் சார்" என்றாள் அக்கா. "வேலைய விட்டுத் தூக்குறேன், போடி!" என்று முதலாளி கத்தி முடிப்பதற்குள் மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் வீட்டுக்குப் போகவில்லை, நேரே பள்ளிக்கூடத்துக்குத்தான் போனாள். தலைமையாசிரியை முதலில் நம்பவில்லை. "நீங்களே வந்து ஒரு தட்டு மோந்து பாருங்க டீச்சர்" என்று அக்கா சொன்னதும் எழுந்து வந்தார், மோந்து பார்த்தார். பிள்ளைகள் அன்று ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். அக்காவுக்கு இன்னும் வேறு வேலை கிடைக்கவில்லை.

இதெல்லாம் நடப்பதற்கு முன்பே, அவள் சாலையைக் கடந்துகொண்டிருந்தபோதே, அதிகாரி ஆய்வுப் படிவத்தை மேசையில் விரித்தார். தட்டு இடைஞ்சலாக இருந்தது. விரல் படாமல், மூடிய பேனாவின் நுனியால் அதை மேசை ஓரம்வரை தள்ளினார். பிறகு அதே பேனாவைத் திறந்து, 'உணவின் தரம்' என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில் 'திருப்திகரம்' என்று எழுதினார்.