பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

நான் பெயர் சொல்லவில்லை. அப்போது அதில் எனக்குப் பெருமை வேறு இருந்தது.

தூத்துக்குடியில் மிஷன் நடத்தும் ஒரு விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பாலியல் கொடுமைக்கு ஆளாகி, அதிகாரிகள் மூலம் வந்து சேரும் பெண்பிள்ளைகள். வெளியே போர்டில் 'மாணவியர் விடுதி' என்று மட்டும் இருக்கும். அதற்கு முன் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் இருபது வருடம் இருந்தேன். எந்தக் கப்பலில் என்ன சரக்கு வருகிறது என்று என் வீட்டுக்காரரிடம்கூட வாய் திறந்ததில்லை. பிள்ளைகளின் கதை காம்பவுண்டுச் சுவரைத் தாண்டாது என்று விடுதியில் கையெழுத்து வாங்கியபோது, இதையெல்லாம் எனக்கா சொல்லித்தர வேண்டும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

உடன்குடிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி எங்களிடம் இருந்தாள். பிளஸ் டூ. கேஸ் இன்னும் முடியவில்லை. ஆனால் டவுனில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அது யாருக்கும் தெரியாது. அங்கே அவள் ஹாஸ்டல் பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரி, அவ்வளவுதான். காலையில் ரிப்பன் கட்டும்போதே அவள் முகம் தெளிந்துவிடும், பாட்டு வேறு வரும். அந்தப் பள்ளிக்கூட நேரம் ஒன்றுதான் அவளுக்கென்று மிச்சமிருந்தது.

ஒரு சனிக்கிழமை என்னோடு உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கியபோது தானாகச் சொன்னாள்.

"கதவுக்கு முதுக காட்டி உக்கார முடியாதுக்கா. யாரோ வாரமாதிரியே இருக்கும். கிளாஸ்ல கடைசி பெஞ்சுல செவரு ஓரமா உக்காந்துக்கிடுவேன். ஃபேன் காத்துக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேறு யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்லிவிட்டாள் என்று அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

பரீட்சை நெருங்க நெருங்க அவள் சாப்பாடு குறைந்தது. தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில், பாட்டு முடிந்ததும் ஒவ்வொருத்தரும் ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். மகனுக்கு வெளிநாட்டு வேலை, மருமகளுக்குப் பிள்ளை பாக்கியம், மூட்டுவலி. என் முறை வந்தபோது, "விடுதியில ஒரு பிள்ளைக்காக" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் யார் உருக்கமாக ஜெபிப்பார்கள் என்று தோன்றியது. உடன்குடிப் பக்கம் என்றேன். பிளஸ் டூ என்றேன். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். "பாவம், கதவுக்கு முதுக காட்டி உக்காரக்கூட பயப்படுதா" என்றேன். பெயரை மட்டும் சொல்லவில்லை. பெண்கள் கண்ணீர்விட்டு ஜெபித்தார்கள். டீயும் மக்ரூனும் சாப்பிட்டுவிட்டு லேசான மனதோடு வீடு வந்தேன்.

நான்கு நாள் கழித்து நாசரேத்திலிருந்து என் நாத்தனார் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். 'அவசர ஜெபம். அனைவருக்கும் பகிரவும்.' பாதி படித்துவிட்டு, வழக்கம்போல 'ஆமென்' என்று தட்டிவிட்டேன். பிறகுதான் கதவு என்ற வார்த்தை கண்ணில் பட்டது. என்னுடைய வாக்கியம். ஊரும் பள்ளிக்கூடமும்கூட அப்படியே இருந்தன. கூடவே நான் சொல்லாததும் நடக்காததுமாக நாலு வரி சேர்ந்திருந்தது. அழித்துவிடு என்று நாத்தனாரிடம் போனில் கத்தினேன்.

"எதுக்கு மைனி? நல்ல காரியந்தான? ஏழு குரூப்புக்கு அனுப்பிட்டேனே" என்றாள்.

அந்த வாரமே, ஒருநாள் மத்தியானம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் விடுமுன்னே விடுதிக்குத் திரும்பி வந்துவிட்டாள். பஸ்ஸில் பிள்ளைகள் யாராவது இருப்பார்கள் என்று துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடந்தே வந்திருந்தாள்.

"ஏளா, என்னாச்சு?"

"டீச்சர் என்னைய முன்னால கூப்பிட்டு, தலையில கைய வச்சு ஜெபம் பண்ணுனாங்கக்கா. எதுக்குன்னு சொல்லல. ஆனா எல்லாப் பிள்ளையளும் அழுதாளுவ." பையைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தச் செவரு ஓரத்த எனக்குன்னே விட்டுட்டாளுவ. ஒருத்தி கர்ச்சீப்ப வச்சுத் தொடச்சு வேற விட்டா."

யாரும் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் நேரே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அதற்கு எனக்கு வாய் உண்டு. அன்பாக இருந்தவர்களிடம் போய் என்ன சண்டை போடுவது?

மறுநாள் அவள் யூனிபார்ம் போடவில்லை. பரீட்சையே எழுதப் போவதில்லை என்றாள். விடுதியின் பொறுப்பாளரிடம் நான் செய்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார். அவளிடம் சொல்லத்தான் மூன்று நாள் வாய் வரவில்லை. நாலாம் நாள் அவள் கட்டிலருகே போய் நின்று, "நான்தாம்மா சொன்னேன்" என்றேன்.

"தெரியும்க்கா. கதவு விசயம் உங்களுக்கு மட்டுந்தான தெரியும்."

"பேரு சொல்லலம்மா" என்றேன். அப்போதும், வெட்கமில்லாமல், அதைத்தான் சொன்னேன். அவள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு அவள் திரும்பப் போகவே இல்லை. ஆனால் புத்தகத்தை எடுத்தாள். ஹால் டிக்கெட் வந்ததும் வாங்கி வைத்துக்கொண்டாள். ஏன் மனம் மாறினாள் என்று என்னிடம் சொல்லவில்லை.

பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி, தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்புவது எங்கள் வழக்கம். அன்று காலை அவள் வந்து நின்றபோது என் கை தானாக உயர்ந்தது. அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை.

"ஜெபிக்கணும்னா மனசுக்குள்ள ஜெபிங்கக்கா. ஊரு, ஸ்கூலு ஒண்ணும் சொல்லாண்டாம். ஆண்டவருக்குத் தெரியும்லா."

ஆட்டோ போன பிறகும் எனக்கு ஒரு வார்த்தை ஜெபம் வரவில்லை. பரீட்சை ஹாலில் நம்பர்படிதான் இடம் போடுவார்கள், சுவர் ஓரம் வேண்டும் என்று கேட்க முடியாது என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. காலை முழுக்க அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

மத்தியானம் வந்தாள்.

"எப்படி எழுதுன?"

"எழுதியிருக்கேன்க்கா."

தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு அறையில் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். பரீட்சை ஹாலில் எந்த இடத்தில் உட்கார வைத்தார்கள், கதவு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. முன்பென்றால் நான் கேட்காமலே சொல்லியிருப்பாள். சாம்பாரை ஊற்றிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனேன்.